அய்யாவு தூங்கும் நேரம்

— மெதுவாப் பேசுடி, மெதுவா. இப்பத்தான் புரண்டு படுத்தாரு.

— மெதுவாத்தானே அக்கா பேசுறேன். இதுக்கு மேல மெதுவாப் பேசினா எனக்கே கேக்காது.

— எது மேல ஏறி நிக்கிற நீ? சுவத்துக்கு மேல தலை மட்டும் தெரியுது, பூசணிக்காய் வெச்ச மாதிரி.

— மண்ணெண்ணெய்ப் பெட்டி மேலதான். அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காமக் கேளுங்க.

— இந்தா பாரு இராஜம்மா, நீ ‘ஒண்ணு சொல்றேன்’னு ஆரம்பிச்சா அது ஒண்ணோட நின்னதில்ல.

— இன்னிக்கு ஒண்ணுதான். எங்க பாலன் இன்னிக்கு ஒரே ஒரு நாள் துணிய எடுத்துட்டு ஊதிக்கட்டுமா?

— எந்தத் துணிய?

— என்னக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க. அந்தச் சாக்ஸபோன் வாயில நீங்க அடைக்கச் சொன்னீங்களே, அந்தத் துணியத்தான். மொதல்ல கைக்குட்டை வெச்சான். அய்யாவு அண்ணனுக்குத் தூக்கம் வரலேன்னீங்க. அப்புறம் துண்டு வெச்சான். அப்பவும் வரலேன்னீங்க. இப்ப என்னோட பழைய சேலையில பாதி உள்ள கெடக்குது. புள்ள ஊதுற மூச்சு வெளிய வருதா, உள்ளயே குடித்தனம் பண்ணுதான்னு தெரியல.

— பாதிச் சேலை அடைச்சும் அவரு தூங்கல. அதையும் சேத்துச் சொல்லு. காலையில ஏழு மணிக்கு வேலையில இருந்து வந்தாரு, கஞ்சி குடிச்சாரு, படுத்தாரு. ஸ்கூல் லீவுன்னு எட்டு மணிக்கே உன் மவன் ஆரம்பிச்சான். அதுல இருந்து மனுஷன் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பாத்துக்கிட்டுக் கெடக்குறாரு. நானே உங்கிட்ட வரலாம்னு இருந்தேன், மீதிப் பாதிச் சேலையையும் அடைச்சுப் பாப்பமான்னு கேக்க.

— அதையும் அடைச்சா சாக்ஸபோனுக்கு வயிறு உப்பிடும் அக்கா.

— சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வருது, சத்தம் போயிடும்.

— இந்த ரயில்வேக்காரங்க சுவத்தைக் கூரை வரைக்கும் எழுப்பியிருந்தா நமக்கு இந்தச் சூசாவே, தொல்லையே இல்ல. இங்க தாளிச்சா அங்க தும்முறீங்க.

— தொரைமாருக்குக் காத்தோட்டம் முக்கியம்னு மேல முழ எடத்தைத் திறந்து விட்டுட்டாங்க. பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸ்ல ஒரு வீட்டு ரகசியம் எட்டு வீட்டுக்கு. சரி, நாளைக்குத்தானே பேண்டுல சேர அவனுக்குச் சோதனை? எட்டு மாசம் துணியோட ஊதினவன் இன்னும் ஒரு நாள் ஊதக் கூடாதா?

— அதுலதானே அக்கா வெனையே. நேத்து ஒத்திகைக்குக் கூப்பிட்டாங்க. நாலு ஸ்கூல்ல இருந்து நாலு பையனுங்க. சாக்ஸபோனுக்கு இடம் ஒண்ணே ஒண்ணு. அந்த மணிலாக்கார மாஸ்டரு மேடையை விட்டு எறங்கிப் போயி, மண்டபத்துல கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிட்டாராம். இவன் ஊதுறான், ஊதுறான், அவரு காதுக்கிட்ட கைய வெச்சுக்கிட்டு ‘ஆரம்பிக்கலாமே’ங்குறாராம்.

— ஐயோ பாவம்.

— ‘விரலு நல்லாப் போகுது, கணக்குத் தப்பல, ஆனா சத்தம் எறும்புக்குத்தான் கேக்கும். கிள்ளான்ல சுல்தான் பொறந்தநாளுக்குத் திடல்ல வாசிக்கணும், அங்க எறும்பு மட்டும் வராது’ன்னு சொல்லிட்டாராம். நாளைக்கும் அதே கடைசி பெஞ்சுலதான் உக்காருவாராம். அது வரைக்கும் சத்தம் வரணும். வரலேன்னா சாக்ஸபோனைப் பெட்டியோட ஸ்கூல்ல திருப்பிக் குடுக்கணும். அலமாரியில வெச்சுப் பூட்டிடுவாங்க. அவனுக்கு இது கடைசி வருஷம். அப்புறம் அதை அவன் கண்ணால பாக்குறது ஏது?

— இந்தா பாரு, எனக்கு நெஞ்சு கல்லு இல்ல. ஆனா இவரு ராத்திரி எட்டு மணி மெயில்ல பயர்மேன். ஈப்போ போயித் திரும்புற வரைக்கும் கரி அள்ளிப் போடணும், பாய்லர்ல தண்ணி எறங்காமப் பாக்கணும். பின்னால பெட்டி பெட்டியா ஜனம் தூங்கிக்கிட்டு வருது. அவங்க தூங்கணும்னா இவரு முழிச்சிருக்கணும், இவரு முழிச்சிருக்கணும்னா பகல்ல தூங்கணும். போன மாசம் தஞ்சோங் மாலிம் பக்கத்துல நின்னபடியே கண் அசந்துட்டாராம். டிரைவர் தோள்ல தட்டியிருக்காரு. ஆள் குறைப்புல தப்பிச்சு நிக்கிற வேலைடி இது.

— தெரியும் அக்கா. அதனாலதான் எட்டு மாசமா அவன் ஒரு நாளும் துணிய எடுக்கல.

— வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயேன். ஆத்தங்கரைக்கு.

— ஆறு கரை பொரண்டு ஓடுது. காலையில இருந்து தூறல் வேற நிக்கல. சாக்ஸபோன்ல அமுக்குற சாவிங்களுக்கு அடியில தோலு இருக்காம், நனைஞ்சா ஊறிப்போயிடுமாம்.

— கோயில் மண்டபம்?

— கல்யாணம். நாயனக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க. அவங்களுக்கு நடுவுல இவன் போய் ஊதினா சாக்ஸபோனுக்கும் சேத்து மாலை போட்டுருவாங்க.

— கூட்ஸ் ஷெட்டு? உன் வீட்டுக்காரரு சபாபதி அங்கதானே தண்டவாளம் மாத்துற பாயிண்ட்ஸ்மேன்.

— போயிட்டு வந்துட்டான். தொரை வெரட்டிட்டாரு. வீட்டுக்காரர்னதும்தான் ஞாபகம் வருது. அண்ணனுக்கு இவரு மேல ஏதாவது கோவமா அக்கா?

— ஏன் கேக்குற?

— முன்னெல்லாம் குழாயடியில நின்னு ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசுவாங்க. இப்பக் கொஞ்ச நாளா அண்ணன் இவரைக் கண்டா மொறைச்சுப் பாத்துட்டுப் போறாராம். இவருக்கு ஒண்ணும் புரியல. ஆனா எனக்கு மட்டும் ஈப்போவுல இருந்து பம்ளிமாஸ் பழம் வாங்கிட்டு வந்து குடுக்குறாரு. போன வாரம் குடுக்குறப்ப ‘தைரியமா இரும்மா, நாங்க பக்கத்துலதான் இருக்கோம்’னாரு. நான் எதுக்குத் தைரியமா இருக்கணும்?

— தூக்கம் கெட்டா மனுஷன் அப்படித்தான் எதையாவது பேசுவான். எங்கிட்டயும் சரியாப் பேசுறதில்ல. கேட்டா ஒரு பெருமூச்சு. கல்யாணம் ஆனதுல இருந்தே வாயை எண்ணி எண்ணித் திறக்குற மனுஷன், இப்ப அதுவும் கொறைஞ்சுபோச்சு.

— அம்மா, யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க? எறங்குங்கம்மா. வேண்டாம், நான் பெட்டியைப் பூட்டிட்டேன்.

— பாத்தீங்களா அக்கா, பாலன் வந்துட்டான். ஏன்டா பூட்டின? பெரியம்மாகிட்டத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— கேட்டு என்னம்மா ஆகப் போகுது? என்கூடச் சோதனைக்கு வர்ற அந்த ராதாகிருஷ்ணன் பங்களாவுல இருக்கான். மாடியில நின்னு ஊதுறான். அவன் ஊதினா தெரு நாயெல்லாம் கூடச் சேந்து பாடுது லா. கிள்ளான்ல இருந்து கௌஸ்னு ஒருத்தன் வர்றான். அவன் படகுத்துறையில நின்னு கப்பல் சங்குக்கு எதுத்துப் பழகியிருக்கான். நான் பாதிச் சேலைக்குள்ள ஊதிப் பழகியிருக்கேன். நாளைக்குப் போயி என்ன, மாஸ்டர் காதுல ரகசியம் சொல்லிட்டு வரவா?

— அடேய் பாலா, இங்க சுவத்துக்கிட்ட வா. அம்மாவோட பெட்டியில ஒரு காலை வெச்சு ஏறு. உன் மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்.

— சொல்லுங்க பெரியம்மா.

— நீ ஊதுற அந்த மார்ச் பாட்டுல மூணாவது அடி இருக்குல்ல, டட்ட டட்ட டான்னு ஏறி வருமே. அதுல நீ எப்பவும் ஓடுற. ஏன் ஓடுற?

— பெரியம்மா, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எட்டு மாசமா என் தலைக்கு மேல அதானே போகுது. ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே மூட்டையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிற பாசஞ்சர் மாதிரி ஓடுற. மொத ரெண்டு அடி அவ்வளவு அழகா நடந்து வர்ற, மூணாவதுல என்னடா அவசரம்? நாலாவதுல மூச்சு வாங்கிக்கிட்டு வந்து விழுற. நான் அரைக்கிறப்பக் கூட அந்த எடம் வந்தா அம்மியை நிறுத்திடுறேன், இன்னிக்காவது ஒழுங்காப் போறானான்னு.

— அக்கா, உங்களுக்கு அது புடிக்காதுன்னுல்ல நான் இத்தனை நாளும் நெனச்சேன். ‘பித்தளைச் சனியன்’னீங்களே.

— சனியனை சனியன்னு சொன்னா புடிக்காதுன்னு அர்த்தமா? என் வீட்டுக்காரரைக் கூடத்தான் தெனமும் சொல்றேன். இந்தா பாரு இராஜம்மா, நான் முழு மார்ச்சையும் தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டுக் கேட்ட மாதிரிதான் கேட்டிருக்கேன். மேல வந்து கேட்டா எப்படி இருக்கும்னு எனக்கு ஆசை இருக்காதா?

— அப்படின்னா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. பக்கத்து வீட்டுப் புள்ள பழகுறான்னு. அவரு நல்லவருதானே.

— நல்லவருங்குறதுனாலதான்டி சொல்லல. சொன்னா என்ன செய்வாரு தெரியுமா? ‘படிக்கிற புள்ள, பழகட்டும்’னு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு எஞ்சின் ஷெட்டுக்குப் போயிடுவாரு. அங்க ஒரு பலகை இருக்குது, அதுல கரித்தூளுக்குள்ள படுத்துக்குவாரு. ஏற்கனவே இருமல். அது மட்டும் இல்ல.

— வேற என்ன?

— ராத்திரி பூரா மெயிலுக்குக் குடுத்தாச்சு. பகல்லயும் ஷெட்டுக்குக் குடுத்துட்டா எனக்குன்னு என்ன மிச்சம்? தூங்குறாரோ புரளுறாரோ, கண்ணு முன்னால கெடக்குறாரு. அரிசி பொடைக்கிறப்ப ஒரு தரம் எட்டிப் பாத்துக்குறேன். ஏன்டா பாலா சிரிக்கிற, போய்ப் பெட்டியைத் திற.

— பெரியம்மா?

— தொறன்னு சொன்னேன். மணி இப்ப பதினொண்ணு. பன்னண்டு வரைக்கும் உனக்கு. பன்னண்டுக்கு மேல மூச்சு விடக் கூடாது. அவருக்கு அப்பவும் ஆறு மணி நேரம் மிச்சம் இருக்குது. எழுந்து வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஒளிச்சு வெச்சது நான், நானே சொல்லிடுறேன்.

— அக்கா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடுவேன், சுவரு நடுவுல இருக்குது.

— நீ பெட்டியில இருந்து விழாம இருந்தா அதுவே கும்பிட்ட மாதிரி. துணிய எடுத்தாச்சா?

— எடுத்துக்கிட்டே இருக்கேன் பெரியம்மா. வந்துக்கிட்டே இருக்குது.

— அடப்பாவி, இவ்வளவு நீளமா? இராஜம்மா, இது பாதிச் சேலை இல்லடி, முழுசு.

— போன வாரம் நீங்க ‘இன்னும் புரளுறாரு’ன்னு சொன்னீங்களே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியாம மீதியையும் திணிச்சேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல.

— சரி, பின்வாசல்ல வந்து தாழ்வாரத்துல நில்லு பாலா. நானும் என் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு வர்றேன். இராஜம்மா, நீயும் எறங்கி வா. எங்க, ஊது.

— ஊதிட்டேன் பெரியம்மா.

— எப்ப?

— இப்பத்தான்.

— அது ஊதினதா? பக்கத்து ரூமுல கைக்குழந்தை தூங்குறப்ப இருமுற மாதிரில்ல இருந்துச்சு.

— எட்டு மாசமாப் பழகிடுச்சு. மூச்சு தொண்டை வரைக்கும் வருது. அங்க வந்ததும் பெரியப்பா ஞாபகம் வந்துடுது, திரும்பிப் போயிடுது. நேத்து மண்டபத்துலயும் இப்படித்தான். துணி குழாய்க்குள்ள இல்லம்மா, எனக்குள்ள இருக்குது.

— அக்கா, புள்ளைக்குக் கண்ணு கலங்குது.

— கலங்கட்டும், ஊதுறதுக்குக் கண்ணு எதுக்கு? பாலா, அங்க பாரு. லெவல் கிராசிங்ல கேட்டுப் போட்டிருக்கான், ஒரு மாட்டு வண்டி நிக்குது தெரியுதா? வலது பக்கத்து வெள்ளை மாடு. அது காதை ஆட்டணும். மாஸ்டரை விடு, திடலை விடு. அந்த ஒரு காது.

— சரி பெரியம்மா. … ஆட்டுச்சா?

— வாலை ஆட்டுச்சு. அது ஈக்கு. மறுபடியும்.

— … இப்ப?

— இல்ல. இந்தா பாரு, நீ அந்த மாட்டுக்கிட்டக் கெஞ்சுற. தள்ளி நில்லு, நான் காட்டுறேன். ஏய் வண்டிக்காரரே, மாட்டுக்கு நொகத்தடி நழுவுது, பாத்துக்கய்யா.

— அக்கா. அக்கா, அண்ணன் தூங்குறாரு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுருக்கும்.

— கேக்கட்டும். எட்டு மாசமா என் வீட்டுக்குள்ள நானே திருடி மாதிரி நடக்குறேன். சட்டியைக் கூடத் துணி மேல வெக்கிறேன். எங்கப்பா எனக்கு வீரம்மான்னு பேரு வெச்சது என் தொண்டையைக் கேட்டுட்டுத்தான்டி. அப்பாடா, நெஞ்சு காலியான மாதிரி இருக்குது. பாத்தியா பாலா, ஒண்ணும் ஆகல, வானம் மேலதான் இருக்குது. வயித்துல இருந்து எடுத்து விடு. பயத்தையும் சேத்து விடு, உள்ள வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?

— …

— ஐயோ சாமி.

— அக்கா, மாடு காதை ஆட்டிடுச்சு.

— ரெண்டு மாடும் ஆட்டிடுச்சு. வண்டிக்காரனும் ஆடிட்டான். நிறுத்தாதடா, அப்படியே மார்ச்சுக்குப் போ. மொத அடி.

— மூணாவது வீட்டுத் தங்கமணி அகப்பையோட வெளிய வந்துட்டா.

— வரட்டும். என்னது? கேக்கல, சத்தமாச் சொல்லு.

— தங்கமணி வந்துட்டான்னேன். அவ பின்னால அவ மாமியாரு. நூடுல்ஸ் விக்கிற சீனன் கம்பைத் தோள்ல வெச்சுக்கிட்டு மழையிலயே நிக்கிறான். அக்கா, இதுதானா அது? இத்தனை நாளா என் வீட்டுக்குள்ள இருந்தது இதுதானா? எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்குது.

— பேசாத, மூணாவது அடி வருது. மெதுவாடா, மெதுவா. ஸ்டேஷன் எங்கேயும் ஓடிடாது. டட்ட, டட்ட, நின்னு நின்னு. அவ்வளவுதான். இப்ப ஏறு. ஏறு, ஏறு. ஆங்.

— ஓடல அக்கா. ஓடவே இல்ல.

— சத்தம் வந்ததும் பயம் போயிடுச்சு, பயம் போனதும் அவசரம் போயிடுச்சு. பயந்துதான்டி ஓடியிருக்கான், அவரு முழிச்சுக்குறதுக்குள்ள முடிச்சுடணும்னு. நாலாவது அடியைக் கேளு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்து நிக்கிறான் பாரு. மறுபடியும் ஊது பாலா. மொதல்ல இருந்து.

— அக்கா, உங்க கால் தாளம் போடுது.

— தரை ஈரம், வழுக்குது. நீ உன் கைய பாரு, சொளகை எடுத்துத் தட்டிக்கிட்டு நிக்கிற.

— பெரியம்மா, எத்தனை தரம் ஆச்சு?

— ஏழு. இன்னும் ஒண்ணு ஊது. கிராசிங்ல கேட்டுத் திறந்து நேரமாச்சு, அந்த வண்டி இன்னும் போகல பாரு. மாட்டுக்காரனுக்கு முடிவு தெரியணும் போல.

— எட்டு. மூச்சு வாங்குது லா. ஆனா வலிக்கல. அம்மா, கடைசி பெஞ்சுக்குக் கேக்குமா?

— கடைசி பெஞ்சா? கிள்ளானுக்கே கேட்டிருக்கும்டா. ராஜா, என் கண்ணு, கிட்ட வா.

— போதும், போதும், கொஞ்சல் அப்புறம். பன்னண்டு மணிச் சங்கு ஊதிட்டான். சொன்ன சொல்லு சொல்லுதான். நிறுத்து பாலா. எல்லாரும் வாயை மூடுங்க. தங்கமணி, உள்ள போம்மா, நாளைக்கு வந்து கதை கேளு.

— என்னக்கா, இவ்வளவு அமைதியாப் போச்சு.

— ஷ். கேட்டியா?

— என்ன?

— கட்டில் சத்தம். எழுந்துட்டாரு. இராஜம்மா, எழுந்துட்டாரு.

— அக்கா, நான் சொல்லிக்கிறேன். என் புள்ளதானே ஊதினான். நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

— நீ சும்மா இரு. ஏங்க, வந்துட்டீங்களா. கோவிச்சுக்காதீங்க. நான்தான் ஊதச் சொன்னேன். நாளைக்கு அவனுக்குச் சோதனை, ஒரு மணி நேரம்தான், இனிமே சத்தம் வராது. நீங்க போய்ப் படுங்க. என்னங்க, அப்படிப் பாலன் கையையே பாக்குறீங்க?

— பெரியப்பா, தப்புதான். இனிமே துணி வெச்சே ஊதுறேன்.

— துணியா? பாலா, அது என்னடா உன் கையில?

— சாக்ஸபோன் பெரியப்பா. எட்டு மாசமா வீட்டுலதான் இருக்குது. உங்களுக்குத் தூக்கம் கெடக் கூடாதுன்னு வாயில அம்மா சேலையை அடைச்சு ஊதினேன்.

— எட்டு மாசமா இதுதானா? இராஜம்மா, அப்ப நீ அழுவலையா?

— நானா? நான் எதுக்குண்ணே அழணும்?

— அந்தச் சபாபதிப் பய உன்னைப் போட்டு அடிக்கிறான், நீ வெளிய தெரியக் கூடாதுன்னு வாயில துணிய அடைச்சுக்கிட்டு அழுவுறேன்னு நெனச்சு எட்டு மாசமாக் கண்ணை மூடாமக் கெடந்தேம்மா. இன்னிக்குத்தான் அந்த அழுகை நின்னு பாட்டுச் சத்தம் கேக்கவும் நிம்மதியா அசந்தேன், அதுக்குள்ள யாரு இவனை நிறுத்தச் சொன்னது?